ஸ்ட்ரைக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போன வழி: கல்மண்டபம் முதல் தாழங்குப்பம் வரை

ராயபுரம் கல்மண்டபம் வட்டாரப் பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு: போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, யாருடைய மிரட்டலும் இன்றி, நான் குளித்தேன். என் அம்மா இச்செய்தியை முதலில் நம்ப மறுத்தார். சோப்பு ஈரமாக இருப்பதைத் தொட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்.

குளித்த காரணம், பயணம். கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் தாழங்குப்பம், சுமார் பதினான்கு கிலோமீட்டர். வெளியே சொன்ன காரணம், பிரபுவின் கேரம் ஸ்ட்ரைக்கரைத் திருப்பிக் கொடுப்பது. சொல்லாத காரணம், அவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

பிரபு எங்கள் கேரம் கிளப்பில் என் ஜோடி. அவனுடைய அப்பாவுக்கு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை போனதும், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு தாழங்குப்பத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விட்டான். நான்கு மாதம் ஆகிறது. போகிற அன்று, யாரையும் தொடக்கூட விடாத அந்த ஸ்ட்ரைக்கரை என் கையில் வைத்து, "நீயே வெச்சிக்கோ மாமு, எனுக்கு இனிமே எதுக்கு" என்றான். பந்தயத்தில் ஜெயித்ததாக நான் கிளப் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அதன் பிறகு என்ன மெசேஜ் அனுப்பினாலும் அவனிடமிருந்து வருவது ஒரே எழுத்து: "ம்". அதிலும் பாதி புள்ளிதான்.

இந்த இடத்தில் மாநகராட்சி கதைக்குள் வருகிறது. எங்கள் வார்டின் ஏரியா சபைக் கூட்டத்தில், வார்டு நிதியில் மிச்சமிருந்த பணத்துக்குத் தெருமுனையில் ஒரு அலங்கார வளைவு கட்டலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சுகாதார நிலையத்துக்கு வரும் மனநல ஆலோசகர் மேடம் எழுந்து வேறு ஒன்று கேட்டார். ஜனங்கள் மனசு விட்டுப் பேசுவது டாக்டரிடம் இல்லை, ஷேர் ஆட்டோவிலும் சலூனிலும் டீக்கடையிலும்தான். அங்கே இருப்பவர்களுக்குத் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி கொடுங்கள் என்றார். உடனே சலசலப்பு. இதற்கெல்லாமா கார்ப்பரேஷன் காசு என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். ஷேர் ஆட்டோ ஓட்டும் செல்வம் அண்ணன்தான் முடித்து வைத்தார். "வளைவு கட்னா முதல் நாள் நிமிந்து பாப்போம். ரெண்டாம் நாளு லாரி இடிச்சிட்டுப் போவும். மேடம் கேக்கறத குடுங்க." கவுன்சிலர் அம்மாவே சிரித்துவிட்டார். முதலில் ஒரே ஒரு பயிற்சி அணிக்கு மட்டும் பணம் ஒதுக்கினார்கள். அடுத்த அணி, இது எப்படிப் போகிறது என்று பார்த்த பிறகு.

கேரம் கிளப்புக்கு ஒரு இடம் கிடைத்தது. மதியம் பிரியாணி என்று கேள்விப்பட்டு நான் கை தூக்கினேன். முதல் நாள் எல்லோருடைய பெயர் அட்டையையும் மாற்றி வைத்தேன். வார்டு அலுவலக எழுத்தர் மதியம் வரை டீ மாஸ்டராக இருந்தார். இரண்டு பேர் அவரிடம் லைட் டீ கேட்டார்கள்.

மேடம் போர்டில், ஆபத்தில் இருப்பவரிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வியை எழுதினார்: தங்களுக்குத் தற்கொலை எண்ணம் உள்ளதா? செல்வம் அண்ணன் கை தூக்கி, இப்படிக் கேட்டால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்றார். நீங்கள் எப்படிக் கேட்பீர்கள் என்றார் மேடம். அண்ணன் பக்கத்தில் இருந்த சலூன்காரர் பக்கம் திரும்பினார்.

"இன்னா நைனா, ரொம்ப பேஜாரா கீதா? செத்துடலாம்னு நெனப்பு வருதா?"

முதல் பாதிக்கு ஹால் சிரித்தது. இரண்டாவது பாதிக்கு யாரும் சிரிக்கவில்லை. இதுதான் சரி என்றார் மேடம். கேட்டால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. உள்ளே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கும், அவ்வளவுதான் என்றார். பிறகு கவனிக்க வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். தூக்கம் போவது. பேச்சு குறைவது. உயிராக வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது. என் கை பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது. ஸ்ட்ரைக்கர் உள்ளேதான் இருந்தது. அன்று பிரியாணி இறங்கவில்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். காலை எட்டேகாலுக்குக் கல்மண்டபத்தில் செல்வம் அண்ணனின் ஷேர் ஆட்டோ. டோல்கேட் வரை இருபது ரூபாய். பயிற்சித் தோழன் என்பதால் ஐந்து ரூபாய் தள்ளுபடி. எங்கே போகிறேன் என்று சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அங்க போய் நாயம் பேசினு இருக்காத. கேளு. கேட்டுட்டு வாய மூடு. உனுக்கு ரெண்டாவதுதான் கஸ்டம்."

டோல்கேட்டில் டோலும் கிடையாது, கேட்டும் கிடையாது. கேட்டும் பார்த்தேன், ஏன் அந்தப் பெயர் என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கிருந்து மெட்ரோ, விம்கோ நகர் வரை இருபது ரூபாய், பத்து நிமிடத்துக்குள். ஏசியில் சட்டை காய்ந்துவிடும். வலது பக்க ஜன்னலில் நின்றால் வீடுகளுக்கு மேலே கடல் எட்டிப் பார்க்கும். விம்கோ நகருக்குப் பிறகு எதுவும் நகராது. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். நடுவில் புகுந்து போன இன்னொரு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்க்கு என்னைத் தாழங்குப்பத்தில் இறக்கியபோது மணி ஒன்பதே முக்கால். முகத்தில் அரை இன்ச் புழுதி. காலையில் குளித்தது வீண்.

பிரபு கடற்கரையில், கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். இன்னா இவ்ளோ தூரம் என்றான். என் கையிருப்பில் சிறந்த மூன்று ஜோக்குகளை இறக்கினேன். மூன்றுக்கும் "ம்". மெசேஜில்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். ஸ்ட்ரைக்கரை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

பயிற்சி பெற்ற ஆள் அல்லவா நான். கண் கொட்டாமல், ஒரே மூச்சில் கேட்டேன். "மாமு, செத்துடலாம்னு நெனப்பு வருதா உனுக்கு?"



"வருது" என்றான். "ராத்திரில வருது. யார்னா கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். யாரும் கேக்கல."

அப்புறம் அவனே பேசினான். அப்பா வேலை, பாதியில் விட்ட பாலிடெக்னிக், மாமா வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் தொண்டையில் நிற்கும் சோறு. நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அறிவுரை சொல்லவில்லை. பாறை மாதிரி உட்கார்ந்து கேட்டேன். முடித்த பிறகு, இதை உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும், நானும் கூட இருக்கிறேன் என்றேன். மணலைக் கிளறிக்கொண்டே, சரி என்றான்.

அவன் அம்மா மீன் விற்று வருகிற வரை அவனை விட்டு நகரவில்லை. வந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அவர் அதிர்ச்சி அடைவார் என்று பயந்தேன். அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனுக்கு சந்தேகம் இருந்துச்சிடா. கேக்கத்தான் பயம்" என்றார். மறுநாள் அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று பேருமே போனோம். ஆலோசகரைப் பார்த்தாயிற்று, பெரிய ஆஸ்பத்திரி டாக்டரையும் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ராத்திரி தூங்குகிறான். நேற்று கிளப்புக்கு வந்து, அந்த ஸ்ட்ரைக்கரை என்னிடமிருந்து பிடுங்கி, அதாலேயே என்னைத் தோற்கடித்தான். இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் தோற்றதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள், லாரி நெருக்கடி குறைவு. கைக்குட்டை இரண்டு வேண்டும். முகத்துவாரத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஒரு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கி, மறுபக்கம் கொக்கு. போகவர நூற்றைம்பது ரூபாய், டீயும் வடையும் சேர்த்து. கேள்வியோடு போகிறவர்கள் சுற்றி வளைக்காதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் மட்டும் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. அவசரத்துக்கு அரசின் இலவச உதவி எண் சுகாதார நிலையச் சுவரிலேயே எழுதியிருக்கும். பிரபுவின் வார்டில் இந்தப் பயிற்சி இன்னும் இல்லை. அவன் அம்மாவே அடுத்த ஏரியா சபையில் கேட்கப் போகிறார். உங்கள் வார்டிலும் கேளுங்கள். பணம் இல்லை என்றால், வளைவுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். எங்கள் வார்டின் இரண்டாவது அணிக்காக அடுத்த கூட்டத்தில் நான் பேசுகிறேன், அனுபவஸ்தன் என்ற முறையில்.

அந்த அனுபவத்தைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம். இந்தப் பதிவைப் பிரபு படிப்பான், அதனால் வேறு வழியில்லை. கண் கொட்டாமல் கேட்டேன் என்றது பொய்; கடலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். பாறை மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்பதும் பொய். அவன் 'வருது' என்றதுமே நான் அழ ஆரம்பித்துவிட்டேன். சத்தமாக, மூக்கு ஒழுக, வலை சரி செய்துகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்க்கிற அளவுக்கு. ஒரு வார்த்தை பேசவில்லை என்றது மட்டும் உண்மை; வாயைத் திறந்தால் விக்கல்தான் வந்தது. பிரபு தன் சட்டை நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "டேய், செத்துடலாம்னு தோணுதுன்னு சொன்னது நானு. நீ ஏண்டா அழுதுகினுகீற?" என்றான்.

சொல்லிவிட்டு அவன்தான் முதலில் சிரித்தான்.