சிரிக்காத அம்மா வேண்டுமாம்

சென்னையிலிருந்து கழுத்தில் பெரிய கேமராவோடு ஒரு தம்பி வந்தார். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அம்மாக்களின் கஷ்டத்தைப் படமெடுத்துக் கண்காட்சி வைக்கப் போகிறாராம். டீக்கடையில் என்னிடம்தான் விசாரித்தார். பள்ளிக்கூடத்தை வெளியே நின்று மட்டும் பார்த்த என்னையும் ஒருத்தர் விவரமானவன் என்று நம்பினால் விடுவேனா? எங்கள் லைன் வீட்டுக்கே கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி பனியன் கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். புருஷன் லாரியில் வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று லாரிக்கே தெரியாது. கைக்குழந்தை அவளிடம், மூத்த பெண் தாராபுரத்தில் மாமியாரிடம். மூத்தவளை இந்த வருஷமாவது இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டுமென்று தவிக்கிறாள். "நீ இருக்கற இருப்புக்கு அவ வேறயா?" என்று மாமியார் அனுப்ப மாட்டேன் என்கிறார்.

நான் அவளிடம், "ஞாயித்துக்கெழம போட்டோ எடுக்க வர்றாங்க அம்மிணி" என்று மட்டும் சொல்லிவைத்தேன். போட்டோ என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? பட்டுச்சேலை, பவுடர், தலை நிறைய மல்லிகை. காரை பெயர்ந்த சுவரை மறைத்து ஒரு புதுப் போர்வை.

ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைப் பார்த்ததும் தம்பியின் முகம் செத்துப்போனது.

"அக்கா, பழைய நைட்டி எதுவும் இல்லையா?"

"இருக்குதுங்க. அது எதுக்குங்க உங்களுக்கு?"

"உங்க கஷ்டத்தை உலகம் பார்க்கணும்கா. கொஞ்சம் சோகமா உட்காருங்க."

"ஒலகம் பாக்கட்டுங்க. தாராபுரத்துல எங்க அத்தையும் பாப்பாங்கல்லங்க? அழுமூஞ்சியப் பாத்தா எம்புள்ளைய அனுப்புவாங்களா? சிரிக்கறாப்பல எடுங்க. இல்லீன்னா டீயக் குடிச்சுட்டுக் கெளம்புங்க."

சேலை கசங்குமென்று குழந்தையை மூலையில் நின்ற என் கையில் திணித்துவிட்டுப் போய் நின்றாள். அது கத்திக்கொண்டே என் வேட்டியை நனைத்தது. வேண்டாவெறுப்பாக அவளை ஒரு படம் எடுத்த தம்பி, என்னைப் பார்த்ததும் துள்ளினார்.

"அண்ணா, அசையாதீங்க! இந்த முகத்தைத்தான் தேடினேன்!"

கண்காட்சியில் என் படம்தான் தொங்கியதாம். அடியில் 'தாய்மை' என்று எழுதியிருந்ததாம்.

அவளுடைய சிரித்த படம் தாராபுரம் போனது. மாமியார் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். சத்தமாக வைத்து எனக்கும் கேட்கவிட்டாள்.

"ஊடு நல்லாத்தான் இருக்குது. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள கூட்டிட்டு வந்து உடறேன். மூலையில பேயடிச்சாப்பல ஒருத்தன் நிக்கறானே, அவங்கிட்ட மட்டும் புள்ளைய உடாத சாமி."

மூத்தவள் வந்துவிட்டாள். என் தலையைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.