கை காட்டிய நேரம்

என் வீட்டுக்காரருக்கு விமான ஷெட்டில் எல்லோரும் வைத்த பெயர் நிதானம். வயல்களுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானத்தை ஓட்டுகிறவர். டீயைக்கூட ஆற ஆறத்தான் குடிப்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். அதே விமானத்துக்கு மெக்கானிக் நான்.

அது பழைய ரகம். முன்னால் இரண்டு சக்கரம், வாலடியில் பொடிசாக ஒன்று. தரையைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஓடி நிற்கும்வரை இரண்டு காலும் பெடலில் விழிப்பாக இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் போதும், வால் முன்னால் வரப் பார்க்கும். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் ஓடும்போதே, ஷெட் வாசலில் நிற்கும் என்னைப் பார்த்துக் கை காட்டுவார்.

"நின்னதுக்கப்புறம் காட்டினா கை தேஞ்சா போயிடும்?" என்று கத்துவேன். சிரிப்பார். திட்டுவேனே தவிர, நானும் வாசலுக்குப் போகாமல் இருக்க மாட்டேன்.

அன்று பக்கவாட்டில் காற்று. சக்கரம் தரையில் பட்டது, கை மேலே போனது, வால் விலகியது. விமானம் கிறுகிறுவென்று திரும்பி, ஒரு சக்கரக் கால் மடங்கி, இறக்கை நுனியால் மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றது. ஓடினேன். அவர் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு இறங்கி நின்றார், ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

முதலாளியம்மா வந்து மடங்கிய சக்கரக் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பக்கத்துப் பிரேக்கை முந்தின நாள்தான் நான் மாற்றியிருந்தேன்.

"பிரேக் இறுகிப் பிடிச்சிடுச்சா?" என்று அவரிடம் கேட்டார்.

ஆமாம் என்றால் என் வேலை போகும். தன் தப்பு என்றால் அவர் இனிப் பறக்க முடியாது. எனக்கு வேறு ஷெட் கிடைக்கும். பறக்காமல் இந்த மனுஷன் என்ன செய்வார்? ஆமாம்னு சொல்லித் தொலையுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"பிரேக் நல்லாத்தாம்மா இருக்கு. இவளைப் பார்த்துக் கை காட்டினேன், கால் அசந்துடுச்சு."

முதலாளியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்யாணமாகி எவ்வளவு காலமாச்சு உங்களுக்கு?"

"பேத்தி இருக்காம்மா" என்றார் இவர்.

முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ரிப்பேர் முடிஞ்சதும் நீங்களே ஓட்டுங்க. ஆனா இறங்கறப்போ இந்தம்மா வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது."

இப்போதெல்லாம் அவர் இறங்கும் நேரத்தில் ஷெட் கதவை நானே சாத்திக்கொள்கிறேன். உள்ளே நின்று, எஞ்சின் சத்தம் அடங்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். அவர் வந்ததும் திட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. இருந்தாலும் எதையாவது பிடித்துத் திட்டுகிறேன். எதிரே நின்று கேட்டுக்கொள்கிறார், எனக்கு வேறென்ன வேண்டும்?