கரண்டில் ஓடிய அருவி

நனைந்த கல்தூளுக்கென்று ஒரு வாசனை உண்டு. மண்வாசனையைப் போல ஆளைக் கிறங்கடிக்கிற வாசனை இல்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல மூக்கை அரிக்கிற வாசனை. எண்பதுகளின் கடைசியில், சென்னையை ஒட்டிய கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஏரிக்கரை மேலேயே கொஞ்ச தூரம் நடந்தால் முதலில் அந்த வாசனை வரும், பின்னாலேயே ‘சோ’வென்ற சத்தமும் வரும். கல்குவாரிப் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரை மோட்டார் வைத்து மேலே ஏற்றி, பாறை உச்சியிலிருந்து வெளிப்பக்கமாகக் கொட்டுவார்கள். அது பாறையில் வழிந்து, கீழே விழுந்து, ஏரிக்குப் போய்விடும். தெருப் பிள்ளைகளாகிய நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘பால்ஸ்’. கரண்ட் இருந்தால் பால்ஸ் இருக்கும், கரண்ட் போனால் பால்ஸும் போய்விடும். எங்கள் பக்கத்தில் எல்லாத் தண்ணீரும் மோட்டார் போட்டால்தான் வந்தது என்பதால், உலகத்து அருவிகள் அத்தனையும் அப்படித்தான் ஓடுகின்றன என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா தென்காசிக்காரி. கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குத் தண்ணீரோடுதான் தகராறு. சோப்பு நுரைக்காத போர் தண்ணீரில் துணியை அடித்துத் துவைத்தபடி, ‘எங்க ஊர்ல’ என்று ஆரம்பிப்பாள்; அப்புறம் பருப்பு வேகாததிலிருந்து முடி கொட்டுவது வரை எல்லாவற்றுக்கும் எங்கள் ஊர்தான் காரணமாகும். அப்பாவோடு சண்டை முற்றினால், “எங்க ஊருக்கே போயிருதேன்” என்பாள். அப்பா சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார். அவருக்கு அது தினப்படிப் பேச்சு, எனக்கு அப்படியில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அம்மாவின் தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் பையைக் கழற்றுவேன்.

ஒரு மே மாத விடுமுறையின் கடைசியில் தென்காசி மாமா எங்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். அந்த வருஷம் சீசன் தள்ளிப்போயிருந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்த இடத்தில் வெறும் பாறை. “கரண்ட் போயிடுச்சா மாமா?” என்று கேட்டேன்.

மாமா, அத்தை, அவர்கள் மகள் செல்வி, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். “நல்ல ஊராப் பாத்துத்தான் ஒன்னயக் கட்டிக் குடுத்திருக்கோம்! பிள்ளைக்கு அருவின்னா என்னன்னே தெரியல” என்றார் மாமா அம்மாவிடம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்க ஊர்லயும் பால்ஸ் இருக்கு. தெனமும் விழும்” என்றேன். மறுபடி சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “எம்புள்ள பொய் சொல்ல மாட்டா. அரைப் பரீச்சை லீவுக்கு வாங்கண்ணே, காட்டுதேன்” என்றாள். அதுவரை அவள் அந்தப் பாறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

சொன்ன மாதிரியே டிசம்பரில் மாமா செல்வியோடு வந்து இறங்கினார். ஒரு காலையில் நான்கு பேரும் ஏரிக்கரையில் நடந்தோம். கரைக்குக் கீழே ஒரு மாவு மில் இருந்தது. அதன் கடகட சத்தம் கேட்கிறவரை கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். காதை அங்கேயே வைத்துக்கொண்டு நடந்தேன். அம்மா என் கையைப் பிடித்து, “நெசமாவே விழுமாட்டி?” என்று கிசுகிசுத்தாள். தலையாட்டினேன். பாதி வழியில் மில் நின்றுபோனது.

பாறையில் ஈரத்தடம் மட்டும் கறுப்பாக இருந்தது. “ஏட்டி, ஒங்க அருவி எங்க?” என்றார் மாமா. “கரண்ட் போயிருக்கு மாமா” என்றேன், வேறு என்ன சொல்ல. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து, “கொஞ்சம் இருந்து பாப்போம்” என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. பிறந்த வீட்டுக்காரர்கள் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேன், இனி அந்தத் தகரப் பெட்டி மாமாவோடு ரயிலேறிவிடும் என்று எனக்கு அழுகை முட்டியது. பிள்ளையாரை விட்டுவிட்டு, முகம் தெரியாத லைன்மேனை வேண்டிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து மில் கடகடத்தது. உச்சியில் குழாய் இருமியது, செருமியது, பிறகு தண்ணீர் வெள்ளையாக வந்து விழுந்தது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. யாரும் எதிர்பார்க்காதபடி அம்மா புடவையோடு போய் அதற்கடியில் நின்றாள். மேலிருந்து குவாரி வாட்ச்மேன் கத்தினார்: “யாரும்மா அது? குத்தாலம்னு நென்ச்சுகினியா? மோட்டார் ஓடிகினு கீது, நவுந்து நில்லு!”

“மோட்டாரா? கரண்டுல ஓடுத அருவியா இது!” என்று மாமா தலையில் கைவைத்தார்.

தண்ணீருக்குள்ளிருந்து அம்மா சத்தம் போட்டாள்: “ஒங்க ஊர் அருவிக்கு சீசன் வரணும்ணே. எங்க ஊர் அருவிக்குக் கரண்ட் வந்தாப் போதும்!”

எங்க ஊர். நான் செல்வியைப் பார்த்தேன். அவளுக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. எனக்கோ நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நனைந்தேன். அதற்குப் பிறகு கட்டிலுக்கு அடியில் நான் குனிந்து பார்த்ததில்லை.

இப்போது குவாரி மூடிக் கிடக்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. ஏரிக்கரை தார் ரோடாகிவிட்டது, மாவு மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி. நாங்களும் மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக்குக் குடிவந்துவிட்டோம். போன சீசனில் அம்மாவைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். ஆசைதீரக் குளித்தாள். இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னார் மாமா.

தலையைத் துவட்டிக்கொண்டே அம்மா சொன்னாள்: “இல்லண்ணே, நாளைக்கு எங்க ஊர்ல தண்ணி லாரி வர்ற நாளு. வீட்ல ஆள் இருக்கணும்.”