பண்ணாடியைக் கேட்டுச் சொல்றேனுங்க

ரவிக்குமாரைப் போல ஒரு வீம்புக்காரரைத் தொண்டாமுத்தூர் வண்டி ஸ்டாண்டில் நான் பார்த்ததில்லை. காய்கறி ஏற்றும் அவருடைய குட்டியானை வண்டியும் என்னுடையதும் வருஷக்கணக்காக அடுத்தடுத்து நிற்கின்றன. வாடகையை யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால், "வேற வண்டி பாத்துக்குங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். யாரிடமும் கெஞ்சுவது அவருக்கு ஆகாது.

அதற்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பா மாசாணம் சாகும்வரை சென்னிமலை என்ற தோட்டக்காரரின் தென்னந்தோப்பில் வேலை செய்தவர். மருந்துக்கும் மகன் கல்யாணத்துக்கும் அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பண்ணாடி, பண்ணாடி" என்று நின்றவர். தோட்டத்து முதலாளியை அப்படித்தான் கூப்பிட வேண்டும். ரவிக்குமார் லைசென்ஸ் வாங்கியதும் அந்தச் சொல்லை விட்டொழித்தார். சென்னிமலை எதிரே வந்தால் "வணக்கம் சார்" மட்டும்தான். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது ரவிக்குமாருக்குத் தனி சந்தோஷம்.

ஒரே மகள் கயல்விழி. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தவள். பெங்களூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். ஏழைப் பிள்ளைகள் சிலருக்கு செலவு பூராவும் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளுமாம். கயல்விழி பரீட்சை எழுதினாள். இடம் உண்டு என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. வெயிட்டிங் லிஸ்ட் என்று வந்தது.

அந்த வார்த்தை மனுஷனை என்ன பாடு படுத்தும் என்பதை ரவிக்குமாரிடம்தான் பார்த்தேன். ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஆள் பிடிக்காமல் எதுவும் நகராது, ரயிலில் பெர்த் வாங்கவே எம்.பி. லெட்டர் வேண்டியிருக்கிறதே என்றார்கள். "அதெல்லாம் வேண்டாங்கப்பா, வரிசையில வந்தா வரட்டும்" என்றாள் கயல்விழி. பதினேழு வயதுப் பெண் பேச்சை எந்த அப்பா கேட்டார்?

சென்னிமலையின் சம்பந்தி அந்தப் பல்கலைக்கழக டிரஸ்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், ரவிக்குமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த கேட்டுக்குப் போய் நின்றார். வாயைத் திறந்ததும் "பண்ணாடி" என்றுதான் வந்ததாம். பிற்பாடு என்னிடம் சொன்னபோது, எச்சில் துப்புகிற மாதிரி சொன்னார்.

சென்னிமலை குளிர்ந்துபோனார். "நம்மூட்டுப் புள்ளையப்பா அது. நா பேசுறேன். ஆனா ஒண்ணு. எவன் கூப்புட்டாலும் நீ வாயத் தொறக்காத. நா ஒரு பக்கம் பேச, நீ ஒரு பக்கம் பேசுனா காரியம் கெட்டுப்போயிரும். எங்கிட்ட உட்டுட்டீல்ல? உட்டுரு."

எங்கள் பக்கத்தில் இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. பெரியவர் கையில் ஒரு காரியத்தைக் கொடுத்துவிட்டால், அவரை முந்திக்கொண்டு பேசுவது அவரை அவமானப்படுத்துவது. பொண்ணு பார்க்கிற விஷயமானாலும் சரி, போலீஸ் ஸ்டேஷன் விஷயமானாலும் சரி.

மாதம் ஒன்று ஓடியிருக்கும். வெண்டைக்காய் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ரவிக்குமாருக்கு போன் வந்தது. ஒரு பெண்குரல், நல்ல தமிழ்.

"கயல்விழி அப்பாங்களா? ஒரு இடம் காலியாயிருக்குங்க. செலவெல்லாம் நாங்களே பாத்துக்குவோம். இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள சம்மதம் சொல்லணும். பேரைப் போட்டுக்கலாங்களா?"

சிபாரிசு வேலை செய்துவிட்டது என்றே இவர் நினைத்தார். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பண்ணாடியைக் கேட்டுச் சொல்றேனுங்க."

"யாரைங்க?"

"எங்களுக்காகப் பேசுற பெரியவருங்க. அவரு சொல்லாம நாஞ் சொன்னா நல்லாருக்காதுங்க."

"நீங்க சொன்னாலே போதும் சார்."

"இல்லீங்க, அவரே கூப்புடுவாருங்க."

வண்டியைத் திருப்பினார். சென்னிமலை போனை எடுக்கவில்லை. வீட்டில் விசாரித்தால், ஆனைமலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ரவிக்குமார் கேட்டுக்கு வெளியே நின்றார். வெண்டைக்காய் வெயிலில் வதங்கியது. நடுவில் பெங்களூர் நம்பர் மறுபடியும் அடித்தது. எடுத்தால் பதில் சொல்லியாக வேண்டுமே என்று, போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றாராம். மகளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் உடனே சம்மதம் என்று சொல்லிவிடுவாளே!

இருட்டுகிற நேரத்துக்குக் கார் வந்தது. சென்னிமலை கண்ணாடியை இறக்கி முழுவதையும் கேட்டார்.

"அடடே, நா இன்னும் பேசவே இல்லியேப்பா. மறந்துபோட்டேன். ஆமா, அவங்களே கூப்புட்டுக் குடுத்தா சரின்னு வாங்கிக்க வேண்டியதுதானே? இதுக்குப் போயி என்னையக் கேக்கணுமா?"

கார் உள்ளே போய்விட்டது. ரவிக்குமார் அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அதே பெண் எடுத்தாள். வருத்தமாகத்தான் பேசினாள். இடம் வரிசையில் அடுத்து இருந்த பிள்ளைக்குப் போய்விட்டது, அந்தப் பிள்ளை சேர்ந்தும் விட்டது, இனி காலியாக எதுவும் இல்லை.

"யாராச்சும் சொல்லித்தானுங்களே என்னையக் கூப்புட்டீங்க?"

"யாரும் சொல்லலீங்க சார். வரிசைப்படி கூப்பிட்டோம். உங்க பொண்ணு பேருதான் முதல்ல இருந்துச்சு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே வீடு தேடி வந்து கொடுத்தது. நம்ம ஆள் அதை வாசலில் நிறுத்திவிட்டுப் பூசாரியைத் தேடிப் போனார். அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. கேட்காமலே நமக்கு ஒன்று கிடைக்கும் என்று எங்களில் யாருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? சென்னிமலைமேல்தான் வயிறு எரிகிறது. அந்த ஆள் ஒரு துரோகமும் செய்யவில்லை, மறந்துதான் போனார். ஒரு பிள்ளையின் வாழ்க்கை மறந்துபோகிற சாமானா?

கயல்விழி இப்போது காந்திபுரம் பஸ் ஏறி ஏதோ ஒரு காலேஜுக்குப் போய்வருகிறாள். அந்த உதவித்தொகை அந்தந்த வருஷம் பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு மட்டும், மறுவருஷம் கேட்க வழியில்லை. ரவிக்குமார் இப்போது வாடகைக்குப் பேரம் பேசுவதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்.

இடம் கைவிட்டுப்போன அன்றைக்கு வீட்டில் நடந்ததை ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். மகளிடம் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். கேட்டதும் அவள் முதலில் சந்தோஷப்பட்டாளாம்.

"யாரும் சொல்லாமயே எனக்கு வந்துச்சுங்களாப்பா?"

"ஆமா கண்ணு. உம் பேருதான் மொதல்ல இருந்துச்சாம்."

அவள் சிரித்தாள். அப்புறம்தான் அவளுக்கு முழுவதும் புரிந்தது. அழவில்லை, கோபப்படவும் இல்லை. போனில் அந்தப் பெண் கேட்டதை அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னாள். இவர் சொன்னார்: "பேரைப் போட்டுக்கலாங்களான்னு கேட்டாங்க கண்ணு."

"சரிங்கன்னு ஒரு வார்த்தைதானுங்கப்பா" என்றாள்.