கோட்டு மேலயா, வெளியவா?

எண்பதுகளில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் எந்தக் கம்பெனியிலும் நிரந்தர ஆள் இல்லை. கேஸ் கட்டிங் டார்ச்சைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கூப்பிட்ட ஷெட்டுக்குப் போய் இரும்புத் தகடு வெட்டிக் கொடுப்பேன். கால் ஓரிடத்தில் நிற்காது. போனதும் டீ கொடுத்து, "சீக்கிரம் ஆரம்பி" என்பார்கள். வேறொன்றும் சொல்லமாட்டார்கள்.

ஒரு ஷெட்டில் தகட்டின் மேல் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கோட்டின் மேலேயே வெட்டினேன். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற? இங்க கோட்டுக்கு வெளியதான் வெட்டணும். எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியுமே!"

"உங்க ஆளுங்களுக்குத் தெரியும் சார். நான் காலைலதான வந்தேன்?"

வெட்டிய துண்டு அளவில் குறைந்துபோய், தகடு பாழ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஷெட்டில் டீயைத் தொடவே இல்லை. "மொதல்ல சொல்லுங்க சார். கோட்டு மேலயா, வெளியவா?"

அந்த சூப்பர்வைசர் சிரித்தார். "இதுகூடத் தெரியாம இன்னா வேல செய்யற நீ?" பக்கத்தில் நின்ற தன் ஆட்கள் இருவரிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கடா."

"மேல" என்றான் ஒருவன்.

"வெளிய" என்றான் மற்றவன், அதே நேரத்தில்.

அதற்குப் பிறகுதான் டீயைக் கையில் எடுத்தேன்.