அமுதவள்ளியின் தலைக்கட்டு

போடி ஜீப்பு ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவள் நான். பெயர் கமர்நிசா. ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் விடியுமுன்பே என் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் போடிமெட்டு ஏறுவார்கள். ஒருத்தி கிளாசைப் பிடிக்கிற விதத்திலேயே அவள் உடம்பு எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரிந்துவிடும். அவர்களில் ஒருத்தியான அமுதவள்ளி விஷயமும் அப்படித்தான் தெரிந்தது.

மழைக்காலத்தில் அவளுக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது, வலி போகவில்லை. விரல் கணுவெல்லாம் வீங்கி, கை மூடவே மறுத்தது. ஏலக்காய் எடுப்பது லேசான வேலையா? செடியின் தூரில் குத்தவைத்து உட்கார்ந்து, பிஞ்சை விட்டுவிட்டு விளைந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். கை மடங்காதவர்களைக் கங்காணி முத்துக்கண்ணன் ஜீப்பிலேயே ஏற்றமாட்டான். அவனெல்லாம் ஒரு மனுசனா!

அதனால் மற்ற தோட்டத்துப் பெண்களைப் போலவே, செத்துப்போன புருஷனின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வர ஆரம்பித்தாள். தலைத்துண்டை அவளால் இறுக்க முடியாது. நான்தான் தினமும் கட்டிவிடுவேன். அந்த இருட்டில் சட்டையும் தலைக்கட்டும் இருந்தால் முத்துக்கண்ணன் கண்ணுக்கு அவள் நல்ல வேலையாள்தான். மேலே போனதும் கூட வருகிற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் காயை அள்ளி அவள் கூடையில் போட்டு ஒப்பேற்றினார்கள். எத்தனை நாளைக்கு ஒப்பேற்ற முடியும்?

பேசாமல் வீட்டில் இருந்துவிடலாமே என்பீர்கள். இருக்க முடியாது. அவள் மகள் சுஜிதா மதுரையில் ஆராய்ச்சி படிக்கிறாள், அதுவும் இதே வைரஸைப் பற்றி. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேட்டதுமே, "படிப்ப விட்டுட்டு வேலைக்குப் போறேன்" என்று நின்றவள் அவள். "கை சரியாயிருச்சு" என்று சொல்லி அமுதவள்ளி சமாளித்துவிட்டாள். அன்றிலிருந்து கங்காணிக்கு ஒரு வேஷம், மகளுக்கு ஒரு வேஷம். இரண்டையும் கழற்ற வழியில்லாமல் மாட்டிக்கொண்டாள். எனக்கும் சேர்த்து வாய்ப்பூட்டு போட்டுவிட்டாள்.

போன வாரம் சுஜிதா வந்து ஒரு ராத்திரி தங்கினாள். சமைத்தால் குட்டு வெளிப்படும் என்று இவள் கடைப் புரோட்டா வாங்கிக் கொடுத்திருக்கிறாள். காலையில் மகள் மதுரைப் பஸ்சுக்கும் தாய் ஜீப்புக்குமாக என் கடையில் நின்றார்கள். மகளுக்குத் தெரியக்கூடாதென்று, தலைத்துண்டை அன்றைக்கு மட்டும் அமுதவள்ளியே எப்படியோ சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"அப்பிடி என்னதான்டி பாக்குற அந்த வைரசுல?" என்றேன், பேச்சு கைப்பக்கம் போய்விடாமல் இருக்க.

"அதுக்குள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒரு நூலு, உத்தரவுச் சீட்டு மாதிரி. அதோட நுனியில தொப்பி மாதிரி ஒண்ணு இருக்கும் பெரியம்மா. நம்ம உடம்போட ஆர்.என்.ஏ.வுக்கும் அதே மாதிரி தொப்பிதான். நம்ம உடம்புல இருக்கிற செல்லு அத நம்ம ஆளுன்னு ஏமாந்து, அது சொல்ற சோலியெல்லாம் செஞ்சு குடுத்துரும். தொப்பி இல்லாதது கண்ணுல பட்டா ஒடைச்சுப் போட்டுரும்."

என் கண் தானாக அமுதவள்ளியின் தலைக்கட்டுக்குப் போனது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப எல்லாமே தொப்பியோடதான் வருமாக்கும்?" என்றேன்.

"அதான் இல்ல. இந்த வகை வைரசுல தொப்பி இல்லாததும் நெறைய வருது. ஒண்ணுக்கும் ஒதவாதுன்னுதான் நெனைக்கத் தோணும். ஆனா தொப்பி போட்டது அதிகமா வர்ற மாதிரி வைரச மாத்திப் பாத்தா, அதோட வேகம் கொறையுது. தொப்பியில்லாதது உள்ள போயி என்னதான் பண்ணுதுன்னு முழுசாத் தெரியல. அதுக்குத்தான் மண்டைய ஒடைக்கிறோம்."

"வெரசா ஏறுங்க ஆத்தா!" முத்துக்கண்ணன் கடைக்கே வந்துவிட்டான். நான் நீட்டிய கிளாசை அமுதவள்ளி ஒற்றைக் கையால் வாங்கினாள். இரண்டு கையால் வாங்கினால் அவனும் கவனிப்பான், மகளும் கவனிப்பாள். விரல்கள் மூடவில்லை. கிளாஸ் கீழே விழுந்து நொறுங்கியது.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும், கொதிக்கக் கொதிக்கக் குடுத்துட்டேன்!" என்று கத்தினேன். முத்துக்கண்ணன் சிரித்துக்கொண்டே போனான். அமுதவள்ளி மகளைப் பார்க்காமலே ஜீப்பில் ஏறினாள்.

ஜீப்பு போனதும் சுஜிதா குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். "எனக்குத் தெரியும் பெரியம்மா. அம்மா போன் பேசுறப்பல்லாம் ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வச்சுத்தான் பேசுது. கையில பிடிக்க முடியல."

"தெரிஞ்சுமாடி சும்மா இருக்க?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெரிஞ்சதாக் காட்டிக்கிட்டா நான் படிப்ப விட்டாகணும். விட்டா அம்மா தாங்காது. நான் என்னதான் செய்ய?" என்று அழுதாள். பஸ்சு வந்தது. "எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

மறுநாள் இருட்டோடு அமுதவள்ளி வந்து நின்றாள். சட்டை போட்டிருந்தாள், துண்டைத் தோளில் போட்டிருந்தாள்.

"எம்மவ கண்டுக்கிட்டாளாக்கா?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். "குனி, ஜீப்பு கெளம்பப் போகுது."

அவள் குனிந்தாள். துண்டை எடுத்து, எப்போதையும்விட இறுக்கமாகக் கட்டிவிட்டேன்.