சுடுமண்ணில் ஒட்டிய மயிர்

"மூக்கைப் பொத்த ஒரு கை, மண்ணைப் பிசைய ஒரு கை. பானையைத் தட்ட மூணாவது கைக்கு எங்கடி போவ?" என்றாள் அத்தை.

வேலூரில் விடுதியில் தங்கிப் படித்து முடித்து நான் ஆம்பூருக்குத் திரும்பிய வாரம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சக்கரத்தில் வனைவார். அத்தை தட்டி உருக்கொடுப்பாள். நானும் தட்டப்போகிறேன் என்றதற்குத்தான் அந்தக் கேள்வி.

மூக்கைப் பொத்தியது உண்மைதான். எங்கள் சூளைக்கு அடுத்தே தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலிலிருந்து வழித்த மயிரைப் பாலாற்று மணலில் காயப்போடுவார்கள். ஈ மொய்க்கும். வெயில் ஏற ஏற அந்த அழுகல் வாடை தொண்டைக்குள் இறங்கும், சோற்றிலும் அதே ருசி. விடுதிக்குப் போகுமுன் பழகிப்போய் எனக்கு உறைக்காத நாற்றம் அது. திரும்பி வந்தபின் ஒரு நாளும் என்னை விடவில்லை.

நான் செய்தவை பூ வைக்கிற குடுவைகள். கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, பள்ளியில் வரையக் கற்ற கொடியையும் இலையையும் கீறுவேன். எல்லாம் பாடப்புத்தகத்துப் படம் போலவே வந்தன. எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஒரு மத்தியானம், அப்பா சூளை பிரிக்கும்வரை பொறுக்காமல், மேலாக இருந்த என் குடுவையைக் கழியால் தூக்கி வெளியே வைத்தேன். காற்றில் ஆட்டு மயிர் ஒரு கொத்து பறந்து வந்து அதன்மேல் ஒட்டியது. சுர்ரென்று சுருண்டு கருகியது. அந்த நாற்றத்தில் வாந்தியே எடுத்துவிட்டேன். ஆறியபின் சாம்பல் போட்டுத் தேய்த்தும் கறை போகவில்லை. சிவந்த மண்மேல் மெல்லிய கருங்கோடுகள். நடுங்கி, வளைந்து, சட்டென்று அறுந்து நின்றன. என் கை அப்படி ஒரு கோடு போட்டதே இல்லை. போட்டது அந்த அசிங்கம் என்பதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் மயிர் உலர்த்துகிற பெண்ணிடம் போனேன். அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை.

"கொஞ்சம் ரோமம் கிடைக்குமா?"

"ரோமமா? அது இன்னா சரக்கு?"

கீழே காட்டினேன்.

"அட, மயிரு! அதைச் சொல்ல இவ்ளோ பேஜாரா? இஸ்கூல்ல சொல்லித் தரலியா?"

கூட இருந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் என் முந்தானையில் ஒரு பிடி அள்ளிப் போட்டாள். ஈரப் பிசுக்கு. உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த சூளையில், சூடான குடுவைமேல் குச்சியால் ஒவ்வொன்றாக, ஒழுங்காக வைத்துப் பார்த்தேன். கோடுகள் செத்துக் கிடந்தன. ஒரு கொத்து விரலில் ஒட்டிக்கொண்டது. சீ என்று உதறினேன். விழுந்த இடத்தில் அதே உயிருள்ள கோடு. அருவருத்து உதறினால்தான் அது வருகிறது. நிதானமாக வைத்தால் வருவதில்லை.

வாடை பிடித்து அப்பா வந்துவிட்டார்.

"கல்யாணப் பானை வேகற சூளைம்மா இது. இங்க மயிரு கருவுதுன்னு தெரிஞ்சா எவன் வந்து பானை கேப்பான்? ஒண்ணு என் சூளை, இல்லன்னா அந்தக் கருமம். நீயே சொல்லு."

"இப்ப மூக்கைப் பொத்த எங்களுக்கே கை பத்தல" என்றாள் அத்தை.

அப்பா சொன்னதில் தப்பில்லை. என்னைப் படிக்கவைத்ததே கல்யாணப் பானைகள்தான். அந்தச் சூளையின் பெயரை என் குடுவைகளுக்காகக் கெடுக்க முடியாது. ஆனால் மறுபடி கொடியும் இலையும் கீற உட்கார்ந்தபோது, தோல் ஷாப் வாடையைவிட அதுவே அதிகம் குமட்டியது.

ஆற்று மணலில், எங்கள் சூளைப் பக்கம் காற்று வீசாத மேட்டில், எனக்கென்று ஒரு சின்னச் சூளை கட்டியிருக்கிறேன். இன்று காலை தோல் ஷாப்புக்குப் போய் எல்லோர் காதிலும் விழும்படி, "அக்கா, ஒரு கூடை மயிரு குடு" என்று கேட்டு வாங்கி வந்தேன். கூடையை ஈ சுற்றுகிறது. மூக்கை ஈரத்துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் குடுவைகளை அடுக்கி, தீ வைத்துவிட்டேன்.